அண்டர் 15 கேலிக் கால்பந்து சாம்பியன்ஷிப் நடுவில் ஊருக்குப் போனால் பையனின் இடம் போய்விடுமா?

நவன் அப்பா எழுதியது:

அயர்லாந்தில் பிள்ளைகளை ஜி.ஏ.ஏ. (கேலிக் விளையாட்டுச் சங்கம்) கிளப்பில் சேர்த்திருக்கும் பெற்றோர் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். நாங்கள் மீத் கவுண்டியில், நவன் பக்கம் இருக்கிறோம். பையன் இங்கே வந்த வருடத்திலிருந்து கேலிக் கால்பந்து ஆடுகிறான், காலாலும் கையாலும் ஆடும் இந்த ஊர் ஆட்டம், அணிக்குப் பதினைந்து பேர். சின்ன வயதில் பிரச்சனையே இல்லை. சனிக்கிழமை காலையில் கொண்டுபோய் விட்டால் வந்த பிள்ளைகள் எல்லாரையும் ஆடவிடுவார்கள், யார் ஜெயித்தது என்று யாரும் கணக்குக்கூட வைக்க மாட்டார்கள்.

இந்த வருடம் அண்டர் 15 அணிக்கு வந்துவிட்டான். வசந்த காலத்தில் லீக் நடந்தது, எங்கள் அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இப்போது சாம்பியன்ஷிப் ஆரம்பித்ததும் எல்லாரும் வேறு ஆளாக மாறிவிட்டார்கள். வாட்ஸ்அப் குரூப் ராத்திரி வரை ஓய்வதில்லை. லீக்கில் இவ்வளவு தோற்றவர்கள் சாம்பியன்ஷிப்பில் எப்படி முதலிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. ஸ்கோர் போடும் விதமும் புரியவில்லை. முதல் குரூப் மேட்சில் அவர்கள் 12 பாயிண்ட், நாங்கள் 8 பாயிண்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பாயிண்டில்தான் தோற்றோம் என்றார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை கடைசியில் என் அப்பாவுக்கு எண்பது. திருக்கடையூரில் சதாபிஷேகம். நட்சத்திரம் பார்த்துக் குறித்த நாள், மாற்ற முடியாது. டிக்கெட்டும் ஜனவரியிலேயே போட்டாயிற்று. இரண்டாவது குரூப் மேட்ச் சரியாக அந்த வாரம் வருகிறது. மூன்றாவதற்குள் திரும்பிவிடுவோம். இதைக் கேட்டதிலிருந்து பையன் எங்களிடம் சரியாகப் பேசுவதில்லை. அவன் இன்னும் முதல் பதினைந்தில் இல்லை, பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடத்துக்கு சப் ஆகத்தான் இறங்குகிறான். நவம்பரில்தான் அவனுக்கு 14 முடியும், அணியிலேயே சின்ன உடம்பு. பத்து நிமிட ஆட்டத்துக்கு இவ்வளவு அழுகையா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்க மனம் வரவில்லை. ஆனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஊருக்குப் போய்வந்தால் அவனை ஒதுக்கிவிடுவார்களா? மேனேஜரிடம் யார், எப்படிச் சொல்வது?

கில்டேர்காரன் எழுதியது:

நண்பரே, ஸ்கோர் விஷயத்தை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கோல் கம்பத்தின் வடிவத்தைப் பாருங்கள், ஆங்கில எழுத்து எச் மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 பாயிண்ட். கம்பிக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் போனால் 1 பாயிண்ட். கோல் விழுந்தால் வெள்ளைக் கோட்டு போட்ட அம்பயர் பச்சைக் கொடி ஆட்டுவார், பாயிண்டுக்கு வெள்ளைக் கொடி. ஸ்கோர் எழுதும்போது கோலையும் பாயிண்டையும் தனித்தனியாகவே எழுதுவார்கள். 1-8 என்றால் ஒரு கோல், எட்டு பாயிண்ட், மொத்தம் 11. உங்கள் அணி 1-8, அவர்கள் 0-12 என்றால் வித்தியாசம் ஒன்றுதான். நீங்கள் முதல் எண்ணை விட்டுவிட்டுப் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

டிவியில் பெரியவர்கள் ஆட்டம் பார்த்தால் இன்னும் ஒன்று கவனிப்பீர்கள். 2025 முதல் விதிகள் நிறைய மாறியிருக்கின்றன. முன்பு டப்ளின் அணிக்கு மேனேஜராக இருந்த ஜிம் கேவின் தலைமையில் ஒரு குழு போட்டு மாற்றினார்கள். கோலிலிருந்து 40 மீட்டரில் ஒரு வளைவு போட்டிருப்பார்கள். அதற்கு வெளியே நின்று அடித்துக் கம்பிக்கு மேலே போனால் 2 பாயிண்ட், அதற்கு ஆரஞ்சுக் கொடி. இரண்டு அணியும் எப்போதும் குறைந்தது மூன்று பேரை எதிரணிப் பாதியில் நிறுத்தியிருக்க வேண்டும், பதினைந்து பேரும் பின்னால் போய்ச் சுவர் கட்ட முடியாது. பார்க்க ரொம்ப நன்றாக ஆகிவிட்டது. பையனின் வயதுப் பிரிவுக்கு எது பொருந்தும் என்பதை அவனே உங்களுக்குச் சொல்லித் தருவான், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், மீத்தில் இருந்துகொண்டு கவலைப்படாதீர்கள். 2021இல் உங்கள் மீத் பையன்கள்தான் மைனர் (இளைஞர் பிரிவு) ஆல்-அயர்லாந்து சாம்பியன், அதாவது கவுண்டி அணிகளுக்குள் நாட்டிலேயே முதலிடம். டைரோன் கவுண்டியை ஒரே பாயிண்டில் ஜெயித்தார்கள். நான் உங்களோடு போட்டி போடும் பக்கத்துக் கவுண்டியான கில்டேரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராலி நர்ஸ் எழுதியது:

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். திருக்கடையூருக்குப் போங்கள். பேரன் இல்லாமல் சதாபிஷேகம் வேண்டாம். அவன் இடம் போகாது. ஆனால் மேனேஜரிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும், அதை அவனே சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பேச்சு அவனுடையதாக இருக்கட்டும்.

நான் கெர்ரியில், டிராலியில் இருக்கிறேன். மருத்துவமனையில் நர்ஸ். சொந்த ஊர் நாகர்கோவில். இரண்டு பையன்களும் இங்கே ஜி.ஏ.ஏ.வில்தான் வளர்ந்தார்கள். மூத்தவன் மைனர் முடித்துவிட்டான், சின்னவன் இப்போது அண்டர் 17. அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மேனேஜர், கோச் எல்லாரும் சம்பளம் வாங்காதவர்கள். அந்த அணியில் ஒரு பையனின் அப்பாவாக இருப்பார், பகலில் வேறு வேலை பார்ப்பார், செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் மழையில் கூம்புகளை அடுக்கிக்கொண்டு நிற்பார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: சனிக்கிழமை எத்தனை பேர் இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். யாராவது விடுமுறைக்குப் போவதை அவர் குற்றமாக நினைக்க மாட்டார். இங்கே பாதிக் குடும்பங்கள் ஜூலையில் ஸ்பெயினுக்கோ போர்ச்சுகலுக்கோ போகின்றன. மேட்ச் அன்று காலையில் குரூப்பில் 'மன்னிக்கவும், இன்று வர முடியாது' என்று ஒரு வரி வந்தால்தான் அவர் நொந்துபோவார். ஆள் போதாமல் ஆடாமலே வாக்ஓவர் (எதிரணிக்கு வெற்றி) கொடுக்க நேர்ந்தால், வந்து நிற்கும் மற்றப் பிள்ளைகளின் முகத்தை அவர்தான் பார்க்க வேண்டும்.

லீக்குக்கும் சாம்பியன்ஷிப்புக்கும் என்ன உறவு என்று கேட்டீர்கள். லீக் என்பது பிள்ளைகளை இடம் மாற்றி மாற்றி ஆடவைத்துப் பார்க்கும் காலம். ஃபுல்-பேக்கில், அதாவது கோலுக்கு முன்னால் தடுப்பு ஆட்டத்தில் நின்றவனை நடுக்களத்தில் (மிட்ஃபீல்டில்) போடுவார்கள். தோற்றாலும் பரவாயில்லை என்று எல்லாரையும் இறக்குவார்கள். பல கவுண்டிகளில் எந்த அணி எந்தத் தரத்தில் ஆடுவது என்று பிரிப்பதற்கும் அந்த முடிவுகளைப் பார்க்கிறார்கள். சாம்பியன்ஷிப் வந்ததும் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஏறக்குறைய சம பலம் உள்ள அணிகள் ஒரே தரத்தில் இருக்கும். அதனால்தான் லீக்கில் அடி வாங்கிய அணி இப்போது ஒரு பாயிண்டில் தோற்கிறது. உங்கள் அணிக்கு இது நல்ல அறிகுறி.

இனி அந்தப் பத்து நிமிடம். நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: இந்த வயதில் கடைசிப் பத்து நிமிடம்தான் ஆட்டமே. முதல் பாதியில் மீசை முளைத்த பையன்கள் தோளால் இடித்துக்கொண்டு ஓடுவார்கள், சின்ன உடம்புக்காரன் அருகில்கூடப் போக முடியாது. ஐம்பதாவது நிமிடத்தை நெருங்கும்போது அவர்களுக்குக் கால் கனத்துவிடும். கோல்கீப்பர் பந்தைத் திரும்ப ஆட்டத்துக்குள் உதைக்கும் கிக்-அவுட்டில் இரண்டு பேர் எகிறிக் குதித்துத் தட்டிவிடும் பந்து கீழே சிதறும் பாருங்கள், அதைக் குனிந்து எடுக்கப் புதுக் கால் வேண்டும். நல்ல மேனேஜர் அந்த வேலைக்கென்றே ஒரு பையனை வைத்திருப்பார். உங்கள் பையன் அந்த ஆளாக இருக்கலாம். அவனுக்கு அது தெரியும், அதனால்தான் அழுகிறான்.

சின்னவனின் அண்டர் 15 சீசனைச் சொல்கிறேன், அதைச் சொன்னால் இந்த ஊர் உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். எங்கள் கிளப் கிராமத்துக் கிளப். அந்த வருடம் எங்களிடம் பதினைந்து பேர் தேறவில்லை, பக்கத்துக் கிளப்பிலும் தேறவில்லை. இளம் குடும்பங்கள் வேலைக்காக டப்ளினுக்கும் கார்க்குக்கும் போய்விடுவதால் கிராமங்களில் இது இப்போது சகஜம். இரண்டு கிளப்பையும் சேர்த்து ஒரே அணியாகப் பதிவு செய்தார்கள். தாத்தா காலத்திலிருந்து ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதையே பெருமையாக நினைத்த இரண்டு பாரிஷ்கள் (சர்ச் வட்டாரங்கள்). முதல் டிரெய்னிங்கில் பிள்ளைகள் மைதானத்தில் இரண்டு கும்பலாக நின்றார்கள். எந்தக் கிளப்பின் ஜெர்சி போடுவது என்பதற்கே பெரியவர்கள் ஒரு கூட்டம் போட்டுப் பேசினார்கள். கடைசியில் உள்ளூர் மேட்சுக்கு ஒன்று, வெளியூர் மேட்சுக்கு இன்னொன்று என்று முடிவானது.

முதல் குரூப் மேட்ச் மோசமான தோல்வி. யாரும் யாருக்கும் பந்து கொடுக்கவில்லை, அவரவர் கிளப் பையனைத்தான் தேடினார்கள். மேனேஜர் கத்தவில்லை. அடுத்த டிரெய்னிங்கில் ஒவ்வொரு ஜோடியிலும் இந்தக் கிளப்பில் ஒருவன், அந்தக் கிளப்பில் ஒருவன் என்று பிரித்து நிறுத்தினார். கையால் பந்தைத் தட்டிக் கொடுக்கும் ஹேண்ட்பாஸ் பயிற்சி முழுவதும் அப்படியே. என் பையன் கார்னர்-பேக், பின்வரிசையில் ஓரத்தில் நின்று தடுப்பவன். அவனுக்குப் பக்கத்தில் ஃபுல்-பேக் நின்றவன் அந்தக் கிளப்பைச் சேர்ந்த விவசாயி வீட்டுப் பையன். பேசவே மாட்டான். இரண்டாவது மேட்சில் என் பையனைத் தாண்டி ஓடிய எதிரணி ஃபார்வர்டை அந்த விவசாயி வீட்டுப் பையன் குறுக்கே வந்து தடுத்தான். அன்றிலிருந்து இரண்டு பேரும் இன்றுவரை ஒன்றாகத்தான் சுற்றுகிறார்கள்.

மூன்றாவது மேட்சில் ஜெயித்தே ஆக வேண்டிய நிலை, ஜெயித்தோம். காலிறுதியும் தாண்டினோம். அரையிறுதி பொது மைதானத்தில், பலத்த காற்று. இரண்டாம் பாதியில் காற்று எங்களுக்கு எதிரே. 2-9க்கு 1-13 என்று ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடத்தில் பந்து அவர்கள் ஆள் மேல் பட்டு அவர்கள் கோல் பக்க எல்லைக்கோட்டைத் தாண்டியதால் எங்களுக்கு 45 கிடைத்தது. அதாவது 45 மீட்டர் கோட்டில் பந்தை வைத்து அடிக்கலாம். போயிருந்தால் சமன். எங்கள் சென்டர்-பேக் அடித்தான், காற்று அமுக்கியது, பந்து கோல்கீப்பர் கையில் விழுந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முதலில் அவனிடம் ஓடிப்போனவர்கள் மற்றக் கிளப் பையன்கள். பெற்றோர்கள் நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கலங்கிப்போய் நின்றோம். தோற்றுப் போன அந்தச் சீசனைத்தான் என் பையன் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். மூத்தவன் ஒரு வருடம் கோப்பை வாங்கினான், அதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

கெர்ரியில் இருக்கிறோம் என்றால் உடனே எல்லாரும் கெர்ரியின் நட்சத்திர ஆட்டக்காரர் டேவிட் க்ளிஃபர்டைப் பற்றித்தான் பேசுவார்கள். 2017 மைனர் ஆல்-அயர்லாந்து இறுதி ஆட்டம், டப்ளினில் உள்ள க்ரோக் பார்க் மைதானம். கெர்ரி 6-17, டெர்ரி 1-8. அதில் அந்த ஒரே பையன் அடித்தது 4-4. கணக்குப் போட்டுப் பாருங்கள், 16. எதிரணி மொத்தமும் சேர்ந்து 11தான். அதோடு கெர்ரி தொடர்ந்து நான்காவது முறை மைனர் சாம்பியன் ஆனது, அடுத்த வருடம் ஐந்தாவது. இப்படிப்பட்ட கவுண்டியில் வளரும் பிள்ளைகளின் மனதில் அந்த ஆசை இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும். ஆனால் பெற்றோர் நாம் அதை அளவுகோலாக வைக்கக் கூடாது. கில்லார்னிக்குப் பக்கத்தில் ஃபோசா என்ற சின்னக் கிளப்தான் க்ளிஃபர்டுடையது. ஆல்-அயர்லாந்து ஜெயித்த பிறகும் அவர் அந்தக் கிளப்புக்காக ஜூனியர் தர ஆட்டம் (பெரியவர்களுக்கான கீழ்நிலைப் பிரிவு) ஆடினார், 2023 ஜனவரியில் அந்தக் கிளப் ஆல்-அயர்லாந்து ஜூனியர் பட்டம் வாங்கியது. இதை என் பையன்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன்.

பிறந்த மாதம் பற்றி ஒன்று. இங்கே வயதை ஜனவரி 1 வைத்துத்தான் பிரிக்கிறார்கள். உங்கள் பையன் நவம்பர் என்பதால் அவன் வருடத்திலேயே கடைசி வரிசை. அணியில் இரண்டு வருடப் பிள்ளைகள் இருந்தால், சில பேர் அவனைவிட ஏறக்குறைய இரண்டு வயது மூத்தவர்கள். நல்ல விஷயம், இந்த வருடம் 14 ஆகிறவன் அடுத்த வருடமும் அண்டர் 15 ஆடலாம். அப்போது அவனும் பெரிய பிள்ளைகள் பக்கம் இருப்பான். ஒரு குளிர்காலத்தில் பையன்கள் எவ்வளவு வளர்கிறார்கள் என்று நம்பவே மாட்டீர்கள்.

ஊருக்குப் போகும்போது பந்தை எடுத்துப் போங்கள், காற்றை இறக்கிப் பெட்டியில் வைத்தால் இடம் அடைக்காது. சோலோ பழக யாரும் தேவையில்லை. ஓடிக்கொண்டே காலில் தட்டிக் கைக்கு எடுப்பது, ஒரு தடவை தரையில் தட்டுவது, மறுபடி கால். இடது காலில் மட்டும் தினமும் பழகச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது மேனேஜர் கவனிப்பார். அந்த நாட்களில் சீனியர் ஆல்-அயர்லாந்து இறுதி ஆட்டம் வந்தால் சங்கத்தின் இணைய ஒளிபரப்பான ஜி.ஏ.ஏ. பிளஸ்ஸில் பார்க்கலாம். இங்கே 3.30க்குத் தொடங்கினால் அங்கே இரவு 8 மணி. தாத்தாவையும் பக்கத்தில் உட்காரவைத்து அவன் விளக்கிச் சொல்லட்டும்.

டப்ளின் தமிழன் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் யாராவது ஒருவர் மறுபக்கமும் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு டிரெய்னிங், ஒரு மேட்ச், நடுவில் பள்ளி அணி. ஜூனியர் சைக்கிள் தேர்வு வரும், அதற்கப்புறம் பள்ளி இறுதித் தேர்வான லீவிங் செர்ட். இங்கே மருத்துவத்துக்குப் போக அந்தத் தேர்வில் எவ்வளவு பாயிண்ட் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். இந்த ஆட்டத்தில் பணமும் இல்லை, ஆல்-அயர்லாந்து ஜெயித்தவரே திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போகிறார். எங்கள் வீட்டில் அண்டர் 13 முடிந்ததும் நிறுத்திவிட்டோம். உடம்பில் அடி வேறு. யாரையும் குறை சொல்லவில்லை, யோசித்துச் செய்யுங்கள் என்கிறேன்.

டிராலி நர்ஸ் எழுதியது:

சார், உங்கள் கவலை நியாயமானது. அந்தப் பாரம் இங்கே இருப்பவர்களுக்கும் தெரியும். 2018இல் கவுண்டி மைனர் வயதை 18லிருந்து 17க்குக் குறைத்ததற்கு லீவிங் செர்ட்டோடு மோதுவதும் ஒரு காரணம். என் மூத்தவன் லீவிங் செர்ட் வருடத்திலும் கிளப்பில் ஆடினான், மே மாதத்தில் மட்டும் டிரெய்னிங்கைக் குறைத்துக்கொண்டான். மேனேஜரே போய்ப் படி என்று அனுப்பினார். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்தவன் அதற்கப்புறம் ஒழுங்காக உட்கார்ந்து படிப்பதையும், ஓடாமல் இருந்தவன் கையில் போனோடு கட்டிலில் கிடப்பதையும் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். மற்ற வீடுகளில் வேறு மாதிரி இருக்கலாம்.

அடி பற்றி நர்ஸாகச் சொல்கிறேன். விரல் எலும்பு முறிவு, கணுக்கால் சுளுக்கு, இவைதான் நான் அதிகம் பார்ப்பது. கம்ஷீல்டு 2013லிருந்து பிள்ளைகளுக்குக் கட்டாயம், அது பல்லைக் காக்கும். தலையில் அடி விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். தலையில் பட்டு மயக்கமாகவோ குழப்பமாகவோ இருக்கிறான் என்ற சந்தேகம் வந்தாலே அன்று அவனுக்கு ஆட்டம் முடிந்தது. திரும்ப இறக்கக் கூடாது என்பதுதான் சங்கத்தின் அறிவுரையும். இறுதி ஆட்டமாகவே இருக்கட்டும். கோட்டுக்கு வெளியே நிற்கும் அம்மா அப்பா இதைத் தைரியமாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லியிருக்கிறேன், யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பணம் இல்லை என்றீர்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நைட் ஷிஃப்ட் நாட்களில் என் பையன்களை டிரெய்னிங்குக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது யார்? அந்த அணியின் மற்றப் பெற்றோர். ஒருத்தரும் ஒரு பைசா பெட்ரோல் காசு வாங்கியதில்லை. பதிலுக்கு ஜெர்சி மூட்டையை வீட்டுக்கு எடுத்துவந்து துவைத்தேன், லெமன் சாதம் டப்பாவில் கட்டிப்போனேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசி பேரை அந்த மைதானக் கோட்டில் நின்றுதான் தெரியும். வேலை செய்யும் இடத்தில் இத்தனை வருடத்தில் அது நடக்கவில்லை.

லிமரிக் அம்மா எழுதியது:

அக்கா, பெண் பிள்ளைகளுக்கும் இப்படித்தானா? என் மகள் அண்டர் 12 வரை பையன்களோடு சேர்ந்து ஆடினாள். இப்போது தனியாகப் பிரித்துவிட்டார்கள், வேறு சங்கம் என்கிறார்கள்.

டிராலி நர்ஸ் எழுதியது:

ஆமாம் அம்மா, பெண்கள் கால்பந்துக்கு 1974லிருந்து தனிச் சங்கம். ஆட்டம் கிட்டத்தட்ட அதேதான். பையன்கள் தரையில் கிடக்கும் பந்தைக் காலால் கிளப்பித்தான் கையில் எடுக்க வேண்டும், பெண்கள் நேரே குனிந்து கையால் எடுக்கலாம். அதனால் ஆட்டம் இன்னும் வேகமாக இருக்கும். பதிவும் மேட்ச் தேதியும் தனியாக வரும், அந்தக் குரூப்பிலும் உங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் நிறையப் பெண் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். உங்கள் மகள் ஆசையாக இருந்தால் விடவைக்காதீர்கள்.

நவன் அப்பா எழுதியது:

அக்கா, நேற்று டிரெய்னிங் முடிந்ததும் பையனே போய்ச் சொன்னான். நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். மேனேஜர் தேதியை போனில் குறித்துக்கொண்டார். தாத்தாவுக்கு எண்பதா, என்ன சடங்கு என்று கேட்டாராம், இவன் மறுபடியும் கல்யாணம் செய்து வைப்போம் என்று சொல்லியிருக்கிறான். அவர் அந்தப் படத்தை குரூப்பில் போடச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது மேட்சுக்கு நீ வேண்டும், வந்ததும் முதல் செவ்வாய்க்கிழமை மைதானத்தில் இரு என்று சொன்னாராம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். இரண்டாவது மேட்ச் நடக்கும்போது யாராவது குரூப்பில் ஸ்கோர் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று இரண்டு நண்பர்களிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டான்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. திங்கள் மதியம்தான் டப்ளினில் இறங்குகிறோம். மறுநாளே டிரெய்னிங். அனுப்பலாமா?

டிராலி நர்ஸ் எழுதியது:

அனுப்புங்கள். சாயங்காலம் ஏழு மணி என்றால் உடம்புக்கு அது நள்ளிரவு மாதிரி இருக்கும், முழுதும் ஓட வேண்டாம் என்று மேனேஜரிடம் அவனே சொல்லட்டும். திங்கட்கிழமை பகலில் தூங்கவிடாதீர்கள், இரவு சீக்கிரம் படுக்கட்டும். வெயிலிலிருந்து வருவதால் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். பூட்ஸையும் கம்ஷீல்டையும் ஊருக்கு எடுத்துப் போகாமல் இங்கேயே கிளப் பையில் வைத்துவிட்டுப் போங்கள். பெட்டி வந்து சேரத் தாமதமானால் அவனால் ஆட முடியாமல் போகும்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மூன்றாவது மேட்ச் ஸ்கோரை இங்கே போடுங்கள், கோலையும் பாயிண்டையும் தனித்தனியாக.